கேளா ஒலியின் கதை – 14: விளக்குக் கரியும் ரப்பரும்

பாரிஸில் கியூரி சகோதரர்கள் படிகத்தை அழுத்தி மின்சாரம் எடுத்தார்கள். லாஞ்செவின் அந்தப் படிகத்தைக் கடலுக்குள் இறக்கி ஒலி எழுப்பினார். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு அதே ஒலியைக் கொண்டு நோயாளிகளின் அடிவயிற்றுக்குள் பார்த்து, 1958இல் உலகுக்குச் சொன்னார். இந்தத் தொடரில் இதுவரை வந்தது அந்தப் படிகத்தின் வம்சாவளி. இன்று ஸ்கேன் எடுக்கும் இடங்களில் வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கருவியின் தலைக்குள் இருப்பதும் அந்த வம்சத்தின் வாரிசுதான்.

கியூரி சகோதரர்கள் தங்கள் கண்டுபிடிப்பை அறிவித்தது 1880இல். அதே ஆண்டு, அட்லாண்டிக்கின் மறுகரையில், படிகமே இல்லாமல் ஒலி பிறப்பிக்கும் இன்னொரு வழியும் திறந்தது. அது மருத்துவத்துக்குள் நுழைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. ஏன் அவ்வளவு காலம் என்ற கேள்விக்கு லேசர், கண்ணாடி இழை என்று பலரும் விடை சொல்வார்கள். அவை உண்மையே, ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு கறுப்புப் பூச்சில் இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்தப் பூச்சைப் பற்றியது.

வாஷிங்டனில் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய துணைவர் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் ஒளிக்கற்றையில் குரலை ஏற்றி அனுப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். 1880 பிப்ரவரியில் அது கைகூடியது. பெல் அதற்கு ஃபோட்டோஃபோன் என்று பெயர் வைத்தார். தொலைபேசியைவிட இதுவே தன் பெரிய கண்டுபிடிப்பு என்று கடைசிவரை நம்பினார். அந்த மாதம் பிறந்த தன் மகளுக்கும் அதே பெயரைச் சூட்ட விரும்பினார், மனைவி மேபல் சம்மதிக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் ஃபிராங்க்ளின் பள்ளிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து டெய்ன்டர் பேசினார். சூரிய ஒளி அந்தப் பேச்சைச் சுமந்து 213 மீட்டர் தள்ளி இருந்த பெல்லின் ஆய்வுக்கூடச் சன்னலுக்குக் கொண்டுவந்தது.

ஃபோட்டோஃபோனில் ஒளியை மின்சாரமாக மாற்ற செலீனியம் இருந்தது. அந்த மின்சாரம்தான் காதுக்குழலில் ஒலியானது. நம் கதைக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. துளைகள் போட்ட வட்டத்தகட்டைச் சுழலவிட்டுச் சூரிய ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சி, அதன் பாதையில் பெல் வெறும் பொருள்களை வைத்துப் பார்த்தார். மின்சாரம் இல்லை, செலீனியம் இல்லை. ஆனாலும் ஒலி வந்தது. கெட்டி ரப்பரின் மெல்லிய தகடு தெளிவாகப் பாடியது. 1880 ஆகஸ்டில் பாஸ்டனில் கூடிய அறிவியலாளர்களிடம் இதையும் அவர் சொன்னார்.

பிறகு பெல் ஐரோப்பா போனார். டெய்ன்டர் ஊரில் இருந்தபடி கண்ணில் பட்டதையெல்லாம் ஒளியில் வைத்துச் சோதித்தார்: பஞ்சு, கம்பளி நூல், பட்டு. கறுப்பு நிறமும் நுண்துளைகளும் உள்ளவை உரக்க ஒலித்தன. விளக்குக் கரி எல்லாவற்றையும் மிஞ்சியது. கூம்பு வடிவக் குழிக்குள் கரிப்புகை பிடிக்கவைத்து, கண்ணாடி மூடியிட்டு ஒளியைப் பாய்ச்சியபோது, குழாயோடு ஒட்டிவைத்த காது வலிக்குமளவுக்குச் சத்தம் கேட்டதாக பெல் 1881இல் எழுதினார். லண்டனில் டிண்டல், ஜெர்மனியில் ரான்ட்ஜன், பாரிஸில் மெர்காடியே என்று அந்த ஓராண்டுக்குள் பலரும் இதில் இறங்கினார்கள். எக்ஸ் கதிருக்குச் சொந்தக்காரரான அதே ரான்ட்ஜன்தான்.

ஒளியை விழுங்கும் பொருள் சூடாகிறது. சூடானதும் தானோ பக்கத்தில் உள்ள காற்றோ விரிகிறது. ஒளி நின்றதும் ஆறிச் சுருங்குகிறது. விரிவும் சுருக்கமும் மாறி மாறி வந்தால் அது ஒலி. கரியைப்போல் ஒளியை விழுங்கும் பொருள் அரிது என்பதால் அது ஜெயித்தது. ரப்பர் ஜெயித்ததற்குக் காரணம் வேறு: சூடு பட்டால் கண்ணாடியைவிட, உலோகத்தைவிடப் பன்மடங்கு விரியும் பொருள் அது.

பெல்லின் மேசையில் இரண்டும் இருந்தன. கரி ஒரு சோதனையில், ரப்பர் இன்னொரு சோதனையில். ஒளியை விழுங்குவதில் முதல்வனையும் விரிவதில் முதல்வனையும் ஒன்றாகக் குழைத்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. சூரிய ஒளியை வினாடிக்கு ஆயிரம் முறை வெட்டினால் காதுக்குக் கேட்கும் சுருதி வந்துவிடும், அது அவருக்குப் போதும். உடலைப் படமெடுக்கும் கேளா ஒலிக்கு வினாடிக்குப் பல லட்சம் முதல் கோடிக்கணக்கான அதிர்வுகள் வரை வேண்டும். அவ்வளவு வேகமாக எந்தத் துளைத்தகட்டையும் சுழற்ற முடியாது. அந்த இரு பொருள்களும் ஒரே பூச்சில் சேர 120 ஆண்டுகள் காத்திருந்தன. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இந்த இடைவெளி.

நடுவில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரைச் சுடரவைத்தார். ஓரிரு ஆண்டுகளில், ஒளியை அடக்கிவைத்து நானோ வினாடிக் கணக்கில் ஒரே வீச்சாக விடுவிக்கும் முறை வந்தது. ஒரு நானோ வினாடி என்பது வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. பெல்லின் துளைத்தகட்டால் முடியாதது இப்போது முடிந்தது. ஒரு பரப்பைச் சட்டென்று சூடாக்கினால் அதற்குள் மீள் அலைகள் எப்படிப் பிறக்கும் என்று 1963இல் ரிச்சர்ட் வைட் கணக்கிட்டுக் காட்டினார்.

கண்ணாடி இழையின் கதை தனித் தொடர் எழுதும் அளவுக்குப் பெரியது. 1954இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹரால்டு ஹாப்கின்ஸும், பஞ்சாபிலிருந்து போன நரீந்தர் சிங் கபானியும் இழைக்கற்றை வழியாகப் படம் கடத்தினார்கள். 1966இல் சார்லஸ் காவ், கண்ணாடியைத் தூய்மையாக்கினால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும் என்றார். 1970இல் கார்னிங் நிறுவனம் அத்தகைய இழையை இழுத்துக் காட்டியது. முடியைவிடச் சற்றே தடித்த ஓர் இழை, அதன் ஒரு நுனியில் லேசர், மறுநுனி நோயாளியின் உடலுக்குள். இப்படி யோசிக்கத் தேவையான எல்லாம் கைக்கு வந்துவிட்டன.

மருத்துவர்களுக்கு அது ஏன் வேண்டியிருந்தது? தோலுக்கு வெளியே இருந்து அனுப்பும் ஒலி ஆழத்துக்குப் போகவேண்டுமானால் அதிர்வெண்ணைக் குறைத்தாகவேண்டும். குறைத்தால் படத்தின் நுணுக்கம் போய்விடும். 30 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் உடலுக்குள் ஏறத்தாழ 50 மைக்ரோமீட்டர். அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கலாம், ஆனால் அந்த ஒலி சில சென்டிமீட்டருக்குள் தேய்ந்துவிடும். ஆகவே நுணுக்கம் வேண்டுமென்றால் கருவியே உள்ளே போகவேண்டும். ரோட்டர்டாமில் நிக்கோலாஸ் பொம் 1972இலேயே, வளையமாக 32 சிறு படிகங்கள் அடுக்கிய குழாய்முனையை இதயத்துக்குள் செலுத்துவதற்காக வடிவமைத்தார். இன்று ரத்தக்குழாய்க்குள் செல்லும் மீயொலிக் குழாய்கள் அந்த வழியில் வந்தவையே. ஆனால் படிகத்தைச் சிறிதாக்கச் சிறிதாக்க அதன் உணர்திறன் குறைகிறது. அதை நறுக்கி ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுப்பது நுட்பமான, செலவான வேலை. கம்பி என்று ஒன்று இருந்தால் மின்குறுக்கீடு உண்டு. எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அது பெரிய தலைவலி. ஊசித்துளைக்குள் நுழையும் அளவுக்குச் சிறியதும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் அளவுக்கு மலிவானதும் வேண்டுமென்றால் படிகம் திணறுகிறது.

கண்ணாடி இழை திணறுவதில்லை. ஆனால் கண்ணாடி ஒளியை விழுங்காது, விடத்தான் செய்யும். சூட்டில் விரியவும் விரியாது. இழையின் நுனியில் எதையாவது பூசியாகவேண்டும். உலோகப் படலங்கள் எளிய முதல் யோசனை. உலோகம் வந்த ஒளியில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, விழுங்கிய பங்கிலும் குறைவாகவே விரிகிறது. ஒலி பிறந்தது, ஆனால் பலவீனமாக.

2001ஆம் ஆண்டை இந்தக் கதையின் திருப்பமாகவே கருதுகிறேன். ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகத்தில் எலேனா பியாஜியின் குழு, கிராஃபைட் பொடியை எபாக்சிப் பிசினில் குழைத்து இழை நுனியில் பூசி, உலோகப் படலத்தைவிட மிக வலிய ஒலியைப் பெற்றது. அதே ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டகாஷி பூமா, மத்தேயு ஓ'டோனல் குழுவினர் கரிப்பொடியைச் சிலிக்கோன் ரப்பரில் கலந்து கண்ணாடியின் மேல் மெல்லிய படலமாக்கினார்கள். பெல்லின் ரப்பர் கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய மரப்பால். இது பாலிடைமெத்தில்சிலோக்சேன், பீடிஎம்எஸ் என்று ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக அழைக்கப்படும் மென்மையான, உடலுக்கு ஒவ்வும் சிலிக்கோன். வேதியியலில் இரண்டும் வேறு, செய்யும் வேலை ஒன்று. கரி ஒளியை விழுங்கியது, ரப்பர் அந்தச் சூட்டை வாங்கி விரிந்தது.

ஒரு டிகிரி சூட்டுக்கு இழைக் கண்ணாடி ஒரு மீட்டருக்கு அரை மைக்ரோமீட்டர்தான் நீளும். அலுமினியம் 23 மைக்ரோமீட்டர் நீளும். பீடிஎம்எஸ் ஏறத்தாழ 300. இந்த ஓர் எண்ணைப் பார்த்ததும், ஆய்வாளர்கள் ஏன் ரப்பரை விடவே இல்லை என்பது விளங்கிவிடும்.

ஆனால் குழைப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. பூச்சு தடிமனாக இருந்தால் அதன் முன்பக்கத்தில் பிறந்த ஒலியும் பின்பக்கத்தில் பிறந்த ஒலியும் வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். பீடிஎம்எஸ்ஸில் 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 10 நானோ வினாடி ஆகிறது. அந்த அளவுக்குத் துடிப்பு நீண்டுவிட்டால் நுணுக்கம் போச்சு. அதோடு சிலிக்கோன் தானே உயர் அதிர்வெண் ஒலியை விழுங்கும் குணமுள்ளது. ஆகவே பூச்சு மெல்லியதாக இருக்கவேண்டும். மெல்லியதாக்கினால் ஒளியில் ஒரு பகுதி விழுங்கப்படாமல் கடந்துபோய்த் திசுவைத் தொடும். மெல்லிய பூச்சிலேயே ஒளி முழுவதும் நிற்கவேண்டுமானால் கரியை அதிகம் சேர்க்கவேண்டும். கரி கூடினால் ரப்பர் குறையும், விரிவும் குறையும். துகள்கள் பெரிதாக இருந்தால் சூடு கரியிலிருந்து ரப்பருக்குப் போகவே நேரமாகும். ஒளியை நன்றாக விழுங்கி, மிகக் குறைந்த இடம் பிடித்து, சூட்டை நொடியில் கைமாற்றும் கரி எது? பத்தாண்டு காலம் ஆய்வுக்கூடங்கள் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தன.

1991இல் ஜப்பானின் சுமியோ இஜிமா விவரித்த கார்பன் நானோ குழாய்கள் விடையாயின. 2010இல் மிச்சிகனில் ஜே குவோவின் ஆய்வுக்கூடத்தில் ஹ்யோங் வோன் பாக் நானோ குழாய்க் காட்டின்மேல் பீடிஎம்எஸ்ஸை ஊறவிட்டுப் பூச்சு செய்தார். 2012இல் அதே குழு அந்தப் பூச்சைக் குழிவான கண்ணாடி வில்லையின்மேல் ஏற்றியது. பிறந்த ஒலி ஒரே புள்ளியில் குவிந்தபோது அழுத்தம் 50 மெகாபாஸ்கலைத் தாண்டியது. அது படம் எடுப்பதற்கு அல்ல, நுண்ணிய இடத்தில் திசுவைச் சிதைத்துச் சிகிச்சை செய்யும் நோக்கத்துக்கு.

கண்ணாடித் தட்டின் மேல் பூசுவது வேறு, முடி போன்ற இழையின் நுனியில் பூசுவது வேறு. நானோ குழாய்களை நேரடியாக வளர்க்க வேண்டிய வெப்பத்தை இழையின் மேலுறை தாங்காது. ரப்பரில் நேரடியாகக் கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டிவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஏட்ரியன் டெஜார்டின் குழுவில் ரிச்சர்ட் கோல்செஸ்டரும் வேதியியலாளர் சாஷா நோய்மார்க்கும் இந்தக் கட்டியோடு மல்லுக்கட்டினார்கள். 2016இல் வெளியான அவர்களின் வழி எளிமையானது. இரண்டு கரைப்பான்களைப் பயன்படுத்தி நானோ குழாய்களைக் கூழாக்கினார்கள். இழை நுனியை அந்தக் கூழில் தோய்த்து எடுத்தார்கள். அதன்மேல் பீடிஎம்எஸ்ஸை ஒரு பூச்சு கொடுத்தார்கள், அது கறுப்புக்குள் ஊறி இறங்கியது. கரியையும் ரப்பரையும் முன்கூட்டிக் கலக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றியதுதான் சூட்சுமம். ஒலியின் அழுத்தம் 21.5 மெகாபாஸ்கல் வரை போனது, அதாவது காற்றழுத்தத்தைப் போல் இருநூறு மடங்குக்கும் மேல். அலைவரிசை அகலம் 39.8 மெகாஹெர்ட்ஸ் வரை எட்டியது. அந்த இழையைக் கொண்டு, உடலிலிருந்து எடுத்த பெருந்தமனித் துண்டின் சுவரைப் படமாக்கிக் காட்டினார்கள்.

பூச்சின் தேர்வு இத்தோடு முடியவில்லை. வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2015இல், எரியும் மெழுகுவர்த்தியின் மேல் கண்ணாடியைப் பிடித்துச் சேர்ந்த கரியைப் பீடிஎம்எஸ்ஸோடு இணைத்துச் சோதித்தார்கள். விளக்குத் திரிக்கு மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மை பிடிப்பது போன்றதே அந்தச் செய்முறை. நானோ மீட்டர் அளவுத் துகள்கள் இடைவெளிவிட்டுக் கோத்திருக்கும் அந்தக் கரியில் சிலிக்கோன் எளிதாக ஊறுகிறது, சூடும் எளிதாகக் கைமாறுகிறது. விலையுயர்ந்த நானோ குழாயோடு அது ஈடுகொடுத்து நின்றது. டெய்ன்டர் தற்செயலாகத் தொட்ட பொருளுக்கே 134 ஆண்டுகள் கழித்து அறிவியல் திரும்பி வந்தது.

இனி இந்தப் பூச்சு ஓர் உயிருக்குள் போன நாளுக்கு வருகிறேன்.

இதயத்தின் வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குப் போக ஒரு குறுக்குவழி உண்டு. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில், கருவில் இருந்தபோது திறந்திருந்த வாசல் மூடிய இடத்தில், ஒரு மெல்லிய பள்ளம் இருக்கிறது. தொடைச் சிரை வழியாக நீண்ட ஊசியை ஏற்றி அந்தப் பள்ளத்தைத் துளைத்தால் இடது பக்கம் போய்விடலாம். 1950களின் இறுதியில் தொடங்கிய இந்தச் செய்முறை, இன்று சீரற்ற இதயத்துடிப்புக்கான சிகிச்சையிலும் மைட்ரல் வால்வு சிகிச்சையிலும் அன்றாட வேலை. ஆனால் ஊசி சற்றே பிசகினால் பெருந்தமனி அருகில் இருக்கிறது, இதயத்தின் வெளிச்சுவர் அருகில் இருக்கிறது. எக்ஸ் கதிர்ப் படத்தில் ஊசி தெரியும், மென்மையான சுவர் தெரியாது. உணவுக்குழாய் வழியாகவோ வேறொரு சிரை வழியாகவோ மீயொலிக் கருவியை அனுப்பிப் பார்க்கலாம். அப்போதும் பார்ப்பது பக்கத்திலிருந்துதான். ஊசிமுனைக்கு நேரெதிரே என்ன இருக்கிறது என்று ஊசியே சொன்னால், துளைக்கும் கை எவ்வளவு உறுதியாக இருக்கும்!

இதயநோய் மருத்துவர் மால்கம் ஃபின்லே, டெஜார்டின் குழுவோடு சேர்ந்து அதைச் செய்தார். ஆய்வு 2017இல் வெளிவந்தது. 1.08 மில்லிமீட்டர் விட்டமும் 78 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட உள்ஊசிக்குள் இரண்டு இழைகள். ஒன்றின் நுனியில் நானோ குழாயும் பீடிஎம்எஸ்ஸும் சேர்ந்த கறுப்புப் பூச்சு. லேசர் துடிப்பு வந்ததும் அது ஒலி எழுப்பும். மற்றொன்று திரும்பிவரும் எதிரொலியைக் கேட்கும். பேசும் இழையின் சத்தம் கேட்கும் இழையை நேரடியாகத் தாக்காதபடி நடுவில் ஓர் உலோகத் தடுப்பு. ஊசிக்குள் கம்பி இல்லை, மின்சாரம் இல்லை.

துடித்துக்கொண்டிருந்த ஒரு பன்றியின் இதயத்துக்குள் அந்த ஊசி போனது. வினாடிக்கு 50 முறை அது எதிரே இருந்ததைக் கேட்டுச் சொன்னது. 2.5 சென்டிமீட்டர் ஆழம் வரை, ஆழத்தில் 64 மைக்ரோமீட்டர் நுணுக்கத்தோடு. இரு மேலறைகளின் சுவர்களும், துளைக்கவேண்டிய பள்ளத்தின் விளிம்பும், துளைக்கக் கூடாத இடங்களும் வரிசையாகத் தெரிந்தன. ஒற்றை இழை ஒரே கோட்டில்தான் பார்க்கும். நமக்குப் பழகிய விசிறி வடிவப் படத்தை அது தராது. ஊசியை மெல்ல நகர்த்தும்போது கோடுகள் அடுத்தடுத்து அடுக்கப்பட்டுப் படமாகின்றன. இது குறை என்று சொல்வோர் உண்டு. துளைக்கும் அந்த விநாடியில் மருத்துவருக்கு வேண்டியது ஊசிமுனைக்கு நேர் எதிர்க்கோடு மட்டுமே என்பதால், எனக்கு அது பெரிய குறையாகத் தோன்றவில்லை. 2019இல் அதே குழு ஒலியைப் பக்கவாட்டில் அனுப்பிச் சுழலும் முனையையும் செய்து, பன்றியின் கழுத்துத் தமனியைச் சுற்றிலும் படமாக்கியது.

கறுப்பு எல்லா ஒளியையும் விழுங்கிவிடும் என்பதே சில நேரம் இடைஞ்சல். ஒரே இழை வழியாக ஒலியும் வேண்டும், திசுவுக்குள் பாயும் ஒளியும் வேண்டும் என்றால் என்ன செய்வது? ரத்தத்தின் நிறத்தைக் கொண்டு படம் எடுக்கும் முறைக்கு ஒளி திசுவைத் தொட்டே ஆகவேண்டும். 2018இல் நோய்மார்க்கும் குழுவினரும் கரிக்குப் பதிலாகத் தங்க நானோ துகள்களையும் கிறிஸ்டல் வயலட் சாயத்தையும் பீடிஎம்எஸ்ஸில் ஏற்றிப் பார்த்தார்கள். இவை ஒரு நிற ஒளியை விழுங்கி ஒலியாக்கும், வேறொரு நிறத்தைக் கடந்துபோக விடும். ஒரே பூச்சு, லேசரின் நிறத்தை மாற்றினால் ஒருமுறை ஒலிபெருக்கி, ஒருமுறை சன்னல். கறுப்புதான் சிறந்தது என்று நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்த எண்ணம் இங்கே ஆட்டம் கண்டது.

தீராத சிக்கல்கள் உண்டு. ஒலியைக் கூட்ட லேசரின் வீச்சைக் கூட்டினால் ஒரு கட்டத்துக்குமேல் பூச்சே பொசுங்கி உரியும். உடலுக்குள் உரிந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைப் பொறியாளர்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது, நானோ குழாய்கள் என்பதால் இன்னும் கூடுதலாக. மேலே ஓர் உறை, வீச்சுக்கு ஓர் எல்லை, மெழுகுக் கரி போன்ற மாற்றுகள் என்று தேடல் தொடர்கிறது.

பேசும் இழையைப் பற்றி மட்டுமே இன்று எழுதினேன். பன்றியின் இதயத்துக்குள் போன அந்த ஊசியில் அருகில் இருந்த மற்ற இழை, ஒலி தொட்டதும் நானோ மீட்டருக்கும் குறைவாக அசையும் ஒரு சிறு இடைவெளியை ஒளியால் அளந்துகொண்டிருந்தது. லண்டனில் பால் பியர்ட் 1990களிலிருந்து செதுக்கிவந்த அந்தக் காதின் கதை அடுத்த இதழில்.